‘கெட்’ என்ற ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

ஆங்கிலத்தில் ‘கெட்’ என்ற வினைக்கு உண்மையான பொருள் எது, அகராதியில் ஏன் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறார்கள், அது எங்கிருந்து வந்தது, அலுவலகக் கடிதத்தில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு வேலையில் இந்தச் சொல்லோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஐ காட் எ லெட்டர்’ என்றால் எனக்குக் கடிதம் வந்தது. ‘ஐ காட் ஆங்ரி’ என்றால் எனக்குக் கோபம் வந்தது. ‘ஐ காட் எ ஃபீவர்’ என்றால் எனக்குக் காய்ச்சல் வந்தது. ‘ஐ காட் ஹோம்’ என்றால் வீட்டுக்கு வந்துவிட்டேன். அகராதியில் இவை நான்கும் நான்கு வெவ்வேறு எண்களின் கீழ் இருக்கும். ஆனால் தமிழில் நான்கையும் நாம் ‘வா’ என்ற ஒரே வினையால் சொல்லிவிட்டோம். கடிதமும் வருகிறது, கோபமும் வருகிறது, காய்ச்சலும் வருகிறது, நாமும் வீட்டுக்கு வருகிறோம். ‘வா’ என்ற சொல்லுக்கு இத்தனை பொருளா என்று நாம் யாரும் குழம்புவதில்லை. ஆங்கிலம் பேசுகிறவருக்கு ‘கெட்’ அப்படித்தான்.

இரண்டு மொழிக்கும் பார்வை மட்டும் எதிரெதிர். தமிழில் கோபம்தான் எழுவாய். அது ‘எனக்கு’ வருகிறது. நான் நான்காம் வேற்றுமையில் சும்மா நிற்கிறேன். ஆங்கிலத்துக்கு மனிதனை எழுவாயாக முன்னால் நிறுத்த வேண்டும். அதனால் ‘நான்’ கோபத்தைப் போய் அடைகிறேன் என்பது போல வாக்கியம் அமைகிறது. ‘எனக்கு’ என்று தொடங்கி ‘வந்தது’, ‘கிடைத்தது’, ‘ஆயிற்று’ என்று முடிகிற தமிழ் வாக்கியங்களில் பல ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஐ காட்’ என்றே தொடங்கும்.

இதிலிருந்து ஒரு சாவி கிடைக்கிறது. தமிழில் ‘இரு’ என்பதும் ‘வா’ என்பதும் ஜோடி. கோபமாக இருக்கிறேன் என்பது நிலை. கோபம் வந்தது என்பது அந்த நிலைக்குள் நுழைந்த கணம். ஆங்கிலத்தில் ‘இரு’ என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு: உடைமையைச் சொல்ல ‘ஹேவ்’, நிலையைச் சொல்ல ‘பீ’. இந்த இரண்டு நிலைக்குள்ளும் நுழைவதைச் சொல்ல ஒரே வினை போதும் என்று அந்த மொழி வைத்துக்கொண்டது. அதுதான் ‘கெட்’. என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது என்றால் ‘ஹேவ்’. அது என்னிடம் வந்து சேர்ந்தது என்றால் ‘கெட்’. நான் களைப்பாக இருக்கிறேன் என்றால் ‘ஐ ஆம் டயர்ட்’. களைத்துப் போனேன் என்றால் ‘ஐ காட் டயர்ட்’. இல்லாத ஒன்று இருப்பதாக மாறுகிற அந்த நகர்வுதான் ‘கெட்’டின் ஒரே பொருள். எப்படி நகர்ந்தது, முயன்று வந்ததா, தானாக வந்ததா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள்.

எல்லாரையும் பயமுறுத்தும் ‘கெட் அப்’, ‘கெட் ஆஃப்’, ‘கெட் ஓவர்’ கூட்டமும் இந்தச் சாவிக்குத் திறக்கும். ‘கெட்’டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘பீ’ போட்டுப் பாருங்கள். ‘ஹி இஸ் அப்’ என்றால் எழுந்து இருக்கிறான். ‘ஹி காட் அப்’ என்றால் எழுந்தான். பேருந்தை விட்டு நீங்கிய நிலை ‘ஆஃப்’. அந்த நிலைக்கு வருவது ‘கெட் ஆஃப்’. காய்ச்சலோ துக்கமோ ஒரு மேடு போல நடுவில் இருக்கிறது, அதைத் தாண்டி அந்தப் பக்கம் வருவது ‘கெட் ஓவர்’. நெருக்கடிக்குள் புகுந்து மறுமுனையில் வெளியே வருவது ‘கெட் த்ரூ’. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பின்னால் நிற்கும் சின்னச் சொல் எந்த இடத்தைக் காட்டுகிறது என்று கண்ணை மூடி ஒரு படம் வரைந்து பார்த்தால் போதும். ‘கெட் அவே வித்’ போன்ற சில மட்டும் (தப்புச் செய்துவிட்டுத் தண்டனை இல்லாமல் தப்பிப்பது) தனியாகப் பழக வேண்டியவை. ஆனால் அங்கேயும் ‘அவே’ என்பது தூரப் போனதையும், ‘வித்’ என்பது கையில் எதையோ எடுத்துக்கொண்டு போனதையும் காட்டுகின்றன. திருடிய பொருளோடு ஓடிவிட்டவனின் படம்தான் அது.

சரி, பிறப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஆங்கிலத்தின் அடித்தளமான இத்தனை சாதாரணச் சொல் ஆங்கிலத்தில் பிறக்கவில்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியாக வந்த வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த ‘கெட்டா’ என்ற வினை அது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடத்தைச் சூறையாடியதில் தொடங்கி, 865இல் பெரும்படையோடு இறங்கி, அப்புறம் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் அவர்கள் நிலையாகக் குடியேறினார்கள். டேன்லா என்று அந்தப் பகுதிக்குப் பெயர். 1016இல் டென்மார்க்கைச் சேர்ந்த க்னூட் இங்கிலாந்துக்கே அரசரானார். வந்தவர்களின் மொழியும் இருந்தவர்களின் மொழியும் உறவு மொழிகள். ஒருவர் பேசுவதை மற்றவர் ஓரளவு பின்பற்ற முடியும். ஒரே வீட்டில், ஒரே வயலில் இரண்டும் கலந்தன. அதனால் அங்கே புகுந்தவை பெரிய பெரிய கலைச்சொற்கள் அல்ல. டேக், கெட், வான்ட், டை, கால், எக், நைஃப், ஸ்கின், ஸ்கை, விண்டோ ஆகியவை எல்லாம் நார்ஸ் சொற்கள். ‘தே’, ‘தெம்’ என்ற பிரதிப் பெயர்கள்கூட அங்கிருந்து வந்தவைதான். பிரதிப் பெயரையே ஒரு மொழி இரவல் வாங்குவது மிக அபூர்வம். அவ்வளவு நெருக்கமான கலப்பு அது. ஆனாலும் இந்த வீட்டுச் சொற்கள் எழுத்தில் ஏறத் தாமதமாயிற்று. ‘கெட்’ எழுத்தில் தென்படுவது 1200ஐ ஒட்டித்தான்.

பழைய ஆங்கிலத்திலும் இதே வேரில் ஒரு வினை இருந்தது. அது தனியாக வழங்கவில்லை; முன்னொட்டு சேர்த்தே வழங்கியது. அதன் முதல் எழுத்தும் ‘க’ என்று ஒலிக்கவில்லை, ‘ய’ என்று ஒலித்தது. ஃபர்கெட் என்ற சொல்லை அவர்கள் ஏறக்குறைய ‘ஃபர்யெட்டன்’ என்றுதான் சொன்னார்கள். நார்ஸ் வடிவம் வந்து அந்த ‘ய’வைத் தள்ளிவிட்டு ‘க’வை உட்கார வைத்தது. ‘கிவ்’ என்ற சொல்லுக்கும் அதே கதை. அதுவும் ஒரு காலத்தில் ‘யிவ்’.

‘எக்’ என்பதும் இந்த ‘ய’வும் ‘க’வும் மோதிய சண்டையில் ஜெயித்த சொல்தான். இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன் 1490இல் தான் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். தேம்ஸ் நதியில் காற்றில்லாமல் நின்றுபோன கப்பலிலிருந்து சில வணிகர்கள் கரையிறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் போய் முட்டை வேண்டும் என்று ‘எக்ஸ்’ கேட்டார். அந்த வீட்டுப் பெண்மணி, எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டார். கேட்டவருக்குக் கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. இன்னொருவர் ‘ஐரென்’ வேண்டும் என்று சொன்னதும்தான் அந்தப் பெண்மணிக்குப் புரிந்தது. ‘ஐரென்’ பழைய ஆங்கில வழி வந்தது, ‘எக்ஸ்’ நார்ஸ் வழி வந்தது. அத்தனை நூற்றாண்டு கழித்தும் இரண்டும் அக்கம்பக்கத்தில் உயிரோடு இருந்திருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால், ஆங்கிலமும் லத்தீனும் அடங்கிய இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் பொது மூதாதையில் ‘கென்ட்’ என்பது போன்ற ஒரு வேரை அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். பொருள்: பற்று, பிடி, கைப்பற்று. அதே வேர் லத்தீனில் ‘ப்ரெஹெண்டெரே’ என்ற வினைக்குள் இருக்கிறது. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவற்றைப் பாருங்கள்: பிடித்து அடைக்கும் இடமான ‘ப்ரிஸன்’, கைது செய்வதான ‘அப்ரிஹெண்ட்’, வேலையைப் பிடித்துக்கொள்ள வந்த ‘அப்ரென்டிஸ்’, திடீரென்று நம்மைப் பிடித்துக்கொள்ளும் ‘ஸர்ப்ரைஸ்’, பிடித்துத் தின்னும் விலங்கான ‘ப்ரெடேட்டர்’, அதன் இரையான ‘ப்ரே’, அப்புறம் புரிந்துகொள்வது என்ற பொருளில் ‘காம்ப்ரிஹெண்ட்’. ‘கெட்’டுக்கு இவை எல்லாம் பங்காளிகள்.

கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘ஐ டோன்ட் கெட் இட்’ என்றால் எனக்குப் புரியவில்லை. ‘காம்ப்ரிஹெண்ட்’ என்றாலும் புரிந்துகொள்வதுதான். இரண்டுக்கும் அடியில் இருப்பது கையால் பற்றுவது. நாம் என்ன சொல்கிறோம்? ‘எனக்குப் பிடிபடவில்லை’ என்கிறோம். ‘புரிந்துகொள்’ என்பதில் இருக்கும் ‘கொள்’ளும் கையகப்படுத்துவதுதான். எந்த உறவும் இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள், அறிவு என்பதைக் கையால் பிடிப்பதாகவே நினைத்திருக்கின்றன. ‘ஃபர்கெட்’ இதன் மறுபக்கம். அதில் ‘ஃபர்’ என்ற முன்னொட்டு விட்டுப்போனதைக் காட்டுகிறது. பிடித்திருந்ததைப் பிடி நழுவ விட்டால் அது மறதி.

‘பிகெட்’ என்ற சொல்லும் இந்த வீட்டுப் பிள்ளைதான். பிள்ளை பெறுவது என்று பொருள். இன்று பேச்சில் இல்லை. பழைய வேதாகம நடையில் இருக்கிறது. ‘ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான்’ என்ற இடத்தில் 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் ‘பிகேட்’ என்று சொல்கிறது. அதே வேதாகமத்தில் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்தில், முதல் பிள்ளையான காயீனைப் பெற்ற ஏவாள் ‘ஐ ஹேவ் காட்டன் எ மேன்’ என்கிறாள். தமிழ் வேதாகமத்தில் ‘ஒரு மனுஷனைப் பெற்றேன்’ என்று இருக்கிறது. மொழிபெயர்த்தவர்கள் எந்தச் சிரமமும் படாமல் வந்து விழுந்திருக்கும் சொல் இது. ஏனென்றால் ‘கெட்’ போலவே ‘பெறு’ என்பதும் அடைவதையும் பிள்ளை பெறுவதையும் ஒன்றாகச் சொல்கிறது. சம்பளம் பெறுகிறோம், பரிசு பெறுகிறோம், பிள்ளையும் பெறுகிறோம், பெற்றதால் ‘பெற்றோர்’. மூல மொழியான எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பதும் அடைவதைக் குறிக்கும் வினைதான். காயீன் என்ற பெயரின் ஓசை அந்த வினையோடு ஒத்துப் போகிறது. மூன்று மொழியும் ஒரு புள்ளியில் சந்திக்கிற இந்த வாக்கியத்தை எப்போது படித்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

‘காட்டன்’ என்ற வடிவத்தைப் பார்த்தோம் அல்லவா, அதைப் பலர் அமெரிக்கர்களின் கொச்சை என்று நினைக்கிறார்கள். அது தவறு. இங்கிலாந்திலும் வழங்கிய பழைய வடிவம்தான் அது. பிரிட்டனில் மெல்ல மெல்ல வழக்கொழிந்து ‘காட்’ மட்டும் நின்றது. அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனவர்களின் பேச்சில் பழையது தங்கிவிட்டது. ‘ஃபர்காட்டன்’ என்பதில் பிரிட்டனிலும் அது இன்றுவரை இருக்கிறது. அமெரிக்கர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு நுட்பமும் செய்கிறார்கள். ‘ஐ ஹேவ் காட் எ கார்’ என்றால் என்னிடம் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கிவிட்டேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டைச் சூழலை வைத்துத்தான் அறிய வேண்டும்.

‘ஹேவ் காட்’ என்பது எப்படி ‘இருக்கிறது’ என்ற பொருளுக்கு வந்தது என்பதும் தமிழ் தெரிந்தவருக்கு எளிது. ‘நல்ல குரல்வளம் பெற்றிருக்கிறார்’ என்கிறோம். பெற்றார், அது இன்னும் அவரிடம் இருக்கிறது. ஆகவே அவருக்குக் குரல்வளம் உண்டு என்று பொருள். ஆங்கிலத்திலும் அதே பாதைதான்.

செயப்பாட்டு வினைக்கும் ‘கெட்’ வரும். ‘ஹி காட் ஹர்ட்’ என்றால் அவனுக்கு அடிபட்டது, ‘ஷி காட் ப்ரொமோட்டட்’ என்றால் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ‘வாஸ்’ போட்டாலும் இலக்கணம் சரிதான். ஆனால் ‘வாஸ் ப்ரோக்கன்’ என்றால் உடைந்து கிடந்தது என்றும் கொள்ளலாம், உடைக்கப்பட்டது என்றும் கொள்ளலாம். ‘காட் ப்ரோக்கன்’ என்றால் உடைந்த நிகழ்ச்சி மட்டும்தான். நல்லதோ கெட்டதோ, ஒருவருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்ற உணர்வு இதில் கூடுதல். நம் ‘படு’வும் இப்படித்தான்: ‘அடிபட்டான்’, ‘பிடிபட்டான்’ என்பதில் அனுபவித்த வாடை இருக்கிறது. எழுத்துத் தமிழில் ‘எழுதப்பெற்றது’, ‘வெளியிடப்பெற்றது’ என்று ‘பெறு’வை வைத்தும் செயப்பாட்டு வினை செய்கிறோம். ஆங்கிலம் ‘கெட்’டை வைத்துச் செய்ததும் அதுவே.

அடுத்து, தமிழர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம். ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்கிறோம். வெட்டியவர் வேறொருவர் என்று எல்லாருக்கும் தெரியும். இதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால், நானே கத்தரியை எடுத்து வெட்டிக்கொண்டேன் என்றுதான் கேட்பவர் பெரும்பாலும் நினைப்பார். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்று சொல்ல வேண்டும். கடிகாரத்தை ரிப்பேர் பண்ணினேன், வீட்டுக்குச் சாயம் அடித்தேன் என்று ஆள் வைத்துச் செய்ததையெல்லாம் இந்த அமைப்பில் சொல்லுங்கள்: ‘கெட்’, பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். ஒருவரைச் செய்ய வைப்பதற்கு ‘ஐ காட் ஹிம் டு சைன்’. இங்கே ‘டு’ கட்டாயம். ‘ஐ ஹேட் ஹிம் சைன்’ என்றும் சொல்லலாம், ஆனால் சாயல் வேறு. ‘ஹேட்’ என்றால் சொன்னேன், செய்தார். ‘காட்’ என்றால் பேசிச் சம்மதிக்க வைத்தேன்.

‘ஐ காட் டு சீ ஹர்’ என்பதும் ‘ஐ ஹேவ் காட் டு சீ ஹர்’ என்பதும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முதலாவது, அவரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது; பழைய நடையில் சொன்னால் ‘காணப்பெற்றேன்’. இரண்டாவது, பார்த்தே ஆக வேண்டும். பேச்சில் ‘ஹேவ்’ தேய்ந்து காணாமல் போய் ‘காட்டா’ என்று ஆகிவிடுவதால் காது கொடுத்துக் கேளுங்கள். வாய்ப்பு, இயலுமை என்ற இந்தச் சாயல் வேரிலேயே இருக்கிறது. நார்ஸ் மொழியின் இன்றைய வாரிசான ஐஸ்லாந்து மொழியில் ‘கெட்டா’ என்றால் இன்று ‘முடியும்’ என்றே பொருள். நாமும் ‘எனக்கு நீச்சல் வரும்’ என்கிறோமே.

சில சின்னத் திருத்தங்கள். யாராவது பேசுவது புரியாவிட்டால் ‘ஐ ஆம் நாட் கெட்டிங் யூ’ என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மற்ற நாட்டவர் ‘ஐ டோன்ட் கெட் யூ’ என்பார்கள். புரிவது ஒரு நிலை என்பதால் அங்கே ‘இங்’ சேராது. சட்டென்று புரிந்துவிட்டால் ‘காட் இட்’. திருமணத்துக்கு ‘காட் மேரீட் டு’ என்று வர வேண்டும், ‘வித்’ வராது. ‘ஐ ஆம் கெட்டிங் எ கோல்ட்’ என்றால் சளி பிடிக்கப் போகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே பிடித்திருந்தால் ‘ஐ ஹேவ் எ கோல்ட்’.

இனி அலுவலகக் கடிதம். 1066இல் பிரான்சின் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆட்சியும் நீதிமன்றமும் பிரெஞ்சு பேசின. அப்படி வந்தவை ‘ரிஸீவ்’, ‘அப்டெயின்’ போன்றவை. வீட்டில் ‘கெட்’, சபையில் ‘ரிஸீவ்’ என்ற பிரிவு அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. சக ஊழியருக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘ஐ காட் யுவர் மெசேஜ்’ என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. அங்கே ‘ரிஸீவ்ட்’ போட்டால்தான் விறைப்பாக இருக்கும். விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, ஒப்பந்தம் என்று வந்தால் தவிர்த்துவிடுங்கள். மரியாதை மட்டுமல்ல காரணம். எப்படி வந்தது என்பதைப் பற்றி இந்தச் சொல்லுக்குக் கவலையில்லை என்று முன்பே சொன்னேன். ‘வீ காட் த டாக்குமெண்ட்ஸ்’ என்று ஓர் ஒப்பந்தத்தில் எழுதினால், ஆவணங்களை அவர்கள் அனுப்பினார்களா, நாம் போய் எடுத்துவந்தோமா, காசு கொடுத்து வாங்கினோமா என்பது தெரியாது. அனுப்பியிருந்தால் ‘ரிஸீவ்ட்’, முயன்று பெற்றிருந்தால் ‘அப்டெயின்ட்’, விலைக்கு வாங்கியிருந்தால் ‘பர்ச்சேஸ்ட்’ என்று எது நடந்ததோ அதைப் போடுங்கள்.